ஐஸ் மேக்கர் நின்றுவிட்டால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டறிதல்

தானாக ஐஸ் கட்டி போட்டுக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் ஒருநாள் அதை நிறுத்திவிட்டால், வருகிற மெக்கானிக் பெரும்பாலும் சொல்வது ‘ஐஸ் மேக்கர் யூனிட் முழுவதையும் மாற்றிவிடலாம்’ என்பதுதான். என் அக்கா வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை அப்படி மாற்றினார்கள். இரண்டாவது யூனிட் மூன்றே வாரத்தில் நின்றது. அதன்பின் நான் போய்ப் பார்த்தபோது யூனிட்டில் எந்தக் குறையும் இல்லை. தட்டுக்கு மேலே தண்ணீர் விழும் குழாயின் வாயைச் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அது ஏன் உருவானது என்று தேடிக்கொண்டு போனதில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தக் குறைவில் போய் முடிந்தது. ஐஸ் மேக்கரைக் கழற்றுவதற்கு முன் அதற்கு வரும் தண்ணீரையும் அதைச் சுற்றியுள்ள குளிரையும் சோதிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு அந்த அனுபவமே காரணம். கீழே உள்ள வழிமுறையும் அதே வரிசையில்தான் செல்கிறது.

கருவி எப்படி இயங்குகிறது

ஒரு சுற்று என்பது நான்கு செயல்களால் ஆனது. ஃபிரிட்ஜின் பின்புறம் உள்ள மின்வால்வு சில நொடிகள் திறந்து தட்டில் தண்ணீரை நிரப்புகிறது. தட்டோடு ஒட்டியுள்ள சென்சார் அல்லது தெர்மோஸ்டாட், தண்ணீர் உறைந்துவிட்டதை உணரும்வரை கருவி காத்திருக்கிறது. பிறகு மோட்டார் கட்டிகளைச் சேமிப்புப் பெட்டியில் தள்ளுகிறது. பெட்டி நிறையவில்லை என்றால் வால்வு மறுபடி திறக்கிறது. கட்டிகளைத் தள்ளும் முறையில் இரண்டு வகைகள் உள்ளன. அலுமினிய அச்சு உள்ள வகையில், அச்சின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 8 அல்லது 9 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் அடியில் உள்ள ஹீட்டர் சூடாகிக் கட்டிகளை அச்சிலிருந்து விடுவிக்கிறது, விரல் போன்ற சுழல்கைகள் அவற்றை வெளியே தள்ளுகின்றன. பிளாஸ்டிக் தட்டு உள்ள வகையில் ஹீட்டர் கிடையாது. மோட்டார் தட்டைக் கவிழ்த்து முறுக்க, கட்டிகள் உதிர்கின்றன. இங்கே விற்கும் பக்கவாட்டுக் கதவு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் இருக்கிறது.

இன்னொரு பிரிவும் உண்டு. சில ஃபிரிட்ஜ்களுக்குக் குழாய் இணைப்பே கிடையாது; கீழ் அறையில் உள்ள சிறு தண்ணீர்த் தொட்டியை நாமே நிரப்ப வேண்டும், ஒரு குட்டிப் பம்ப் அதை மேலே ஏற்றும். உங்களுடையது அந்த வகை என்றால், தொட்டி தன் இடத்தில் ‘டக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா, பம்பின் விசிறியைச் சுண்ணாம்புப் படிவு பிடித்துக்கொண்டதா என்று முதலில் பாருங்கள். இவ்வகையில் தண்ணீர் ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றே காரணமாக இருக்கும்.

கைவைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எந்தப் பாகத்தையும் தொட வேண்டும். மின்சாரம் ஓடும்போது செய்ய வேண்டிய சோதனைகளை, மல்டிமீட்டரைக் கையாளப் பழகியவர் மட்டுமே செய்யட்டும். ஃப்ரீசரில் படிந்த பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ ஒருபோதும் குத்தாதீர்கள்: இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற குளிரூட்டும் வாயு எரியக்கூடியது, அது ஓடும் அலுமினியக் குழாய் சுவருக்குப் பின்னால் மிக அருகில் இருக்கிறது. ஒரு துளை விழுந்தால் ஆபத்து ஒரு பக்கம் இருக்க, ஃபிரிட்ஜே போய்விடும்.

தட்டு காய்ந்து கிடக்கிறது, ஒரு கட்டிகூட விழவில்லை

எளிய காரணங்களை முதலில் கழித்துவிடுங்கள். முன்பக்கத் திரையில் ‘ஐஸ் ஆஃப்’ விளக்கு எரிகிறதா, விடுமுறை இயக்கம் போட்டிருக்கிறதா, சேமிப்புப் பெட்டி முழுதாக உள்ளே போயிருக்கிறதா, பெட்டி நிறைந்ததை உணரும் கம்பியோ நெம்புகோலோ மேலே தூக்கியபடி சிக்கிக்கொண்டதா என்று பாருங்கள். ஒரே ஒரு கட்டி அந்த நெம்புகோலுக்கு அடியில் குறுக்கே கிடந்தாலும், பெட்டி நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கருவி நின்றுவிடும். கட்டியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்தது ஃபில்டர். உள்ளே இருக்கும் தண்ணீர் ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கு அதுவும் அதிகம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஃபிரிட்ஜோடு கொடுத்த மாற்று மூடியைப் பொருத்திப் பாருங்கள். தண்ணீர் வந்துவிட்டால் குற்றவாளி ஃபில்டர்தான். புது ஃபில்டர் போட்டபின் 10 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்துக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் தங்கிய காற்றினால் தட்டு அரைகுறையாகவே நிரம்பும்.

இவை எல்லாம் சரி என்றால், நிரப்புக் குழாயைப் பாருங்கள். சேமிப்புப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்தால், தட்டின் பின்பக்கத்துக்கு மேலே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயின் வாய் தெரியும். அதில் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ பனி தெரிந்தால் அடைப்பு அங்கேதான். பிளக்கைப் பிடுங்கி, தட்டுக்குக் கீழே ஒரு கிண்ணமும் பழைய துண்டும் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்துக் குழாயின் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துங்கள். ஹேர் டிரையர் என்றால் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். உட்சுவர்ப் பிளாஸ்டிக் சீக்கிரம் வளைந்துவிடும். பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு சிறு முளை போன்ற பனி வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஆனால் அதை எடுத்துவிட்டதால் பழுது நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். நல்ல நிலையில் உள்ள குழாயில் தண்ணீர் விழுந்ததும் வடிந்துவிடும், உறைய எதுவும் மிஞ்சாது. பெரும்பாலும் வால்வு முழுதாக மூடாமல் சொட்டுச் சொட்டாகக் கசியும்போதுதான் அந்தச் சொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து அடைக்கின்றன. அந்தக் கசிவைப் பற்றிக் கீழே, வழியும் தட்டைப் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

குழாயும் திறந்திருந்தால், வால்வு திறக்கும் ஓசையைக் கேளுங்கள். பிளாஸ்டிக் தட்டு வகையில் யூனிட்டின் அடியிலோ பக்கத்திலோ ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் தட்டு கவிழ்ந்து நிமிர்ந்து, பிறகு தண்ணீர் நிரம்ப வேண்டும். பல மாடல்களில் ஃப்ரீசர் கதவு திறந்திருந்தால் தண்ணீர் வராது, ஆகவே பொத்தானை அழுத்தியதும் கதவை மூடிவிட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் காதை வையுங்கள். தட்டில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கும்போது மட்டும் இந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். அத்தனையும் ஐஸ் பெட்டியில் கொட்டி ஒரே பாறையாக உறைந்துவிடும்.

‘ம்ம்ம்’ என்ற மெல்லிய ரீங்காரம் கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால், மின்சாரம் வால்வுக்கு வருகிறது, தண்ணீர்தான் வரவில்லை. சுவர்க் குழாயை மூடி, வால்வின் நுழைவாயில் இணைப்பைக் கழற்றினால் உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு வலை இருக்கும். அதில் துருவும் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்து பழுப்பாக அப்பிக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். பழைய பல் துலக்கியால் தேய்த்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் சுத்தமாகிவிடும். கழிப்பறை அமிலத்தை அதன் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம், அது குடிக்கும் தண்ணீர் போகும் வழி.

ரீங்காரமே இல்லை என்றால், பிளக்கைப் பிடுங்கி, வால்வின் ஒயர்களைக் கழற்றி, வால்வைத் திறக்கும் மின்சுருளின் மின்தடையை மல்டிமீட்டரில் பாருங்கள். எண் மாடலுக்கு மாடல் மாறுபடும், எனவே எந்த எண் வந்தாலும் அதை உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். மீட்டர் எண்ணே காட்டாமல் ‘ஓபன்’ நிலையில் நின்றால் சுருள் அறுந்துவிட்டது, வால்வை மாற்ற வேண்டும். சுருள் சரியாக இருந்தால்தான் சந்தேகம் ஐஸ் மேக்கர் மீதோ ஃபிரிட்ஜை இயக்கும் மின்பலகை மீதோ போக வேண்டும்.

கட்டிகள் சிறியவை, நடுவில் குழி, அல்லது உடைந்து விழுகின்றன

நான் மிகவும் விரிவாகச் சொல்ல விரும்பும் அறிகுறி இதுதான், ஏனெனில் நம் ஊர் வீடுகளில் இதன் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. ஒரு கட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வழக்கமான கட்டியின் பாதி உயரமே இருக்கிறதா, உள்ளே கிண்ணம் போலக் குழிந்து ஓரம் மட்டும் நிற்கிறதா? தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். தட்டில் தண்ணீர் குறைவாக இருந்தால் அடிப்பகுதி சீக்கிரம் குளிர்ந்து, நடுப்பகுதி உறைவதற்கு முன்பே சென்சார் ‘ஆகிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறது. விளைவு, பாதி ஓடும் பாதித் தண்ணீருமாக ஐஸ் பெட்டியில் விழுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அச்சு வகைக் கருவி ஒன்று ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 140 மில்லி லிட்டரை 7.5 நொடியில் நிரப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதாவது நிமிடத்துக்கு 1.1 லிட்டருக்கு மேல் ஓட்டம் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் மணிக்கு 12 முதல் 15 லிட்டர்வரைதான் சுத்திகரிக்கின்றன; 15 லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு 250 மில்லி லிட்டர், 7.5 நொடிக்கு 31 மில்லி லிட்டர். ஆர்.ஓ. மெம்பிரேனிலிருந்து நேரே ஃபிரிட்ஜுக்கு டியூப் இழுத்துவிட்டால் தட்டில் கால்பங்கு தண்ணீர்கூட விழாது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். இந்த இணைப்பைச் செய்துகொடுப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சமையலறையில் கண்ணெதிரே இருக்கும் நல்ல தண்ணீர் அதுதான் என்பதால் செய்கிறார்கள். ஆனால் ஐஸ் மேக்கருக்கு அது போதாது.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேரடி இணைப்பு என்றாலும் சிக்கல் தீராது. பெரும்பாலான கையேடுகள் வால்வுக்குக் குறைந்தது 20 பிஎஸ்ஐ, அதாவது ஏறத்தாழ 1.4 பார் அழுத்தம் கேட்கின்றன. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் தரும், ஆகவே 1.4 பாருக்குத் தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். முதல் மாடியில் சமையலறையும் அதற்கு மேல் மொட்டைமாடியில் தொட்டியும் இருக்கும் வீட்டில் கிடைப்பது நான்கைந்து மீட்டர்தான், 0.5 பாரைத் தாண்டாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு ஐஸ் ஒழுங்காக விழுவதும், மேல்தளத்தில் இருப்பவருக்கு அதே மாடல் ஃபிரிட்ஜில் கட்டி குழிந்து வருவதும் இதனால்தான்.

தீர்வு, சுத்திகரித்த தண்ணீர் சேரும் சிறு தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இடையில், அழுத்தம் குறைந்தால் தானே ஓடி, சேர்ந்தால் தானே நிற்கும் ஸ்விட்ச் உள்ள சிறு டயாஃப்ரம் பம்ப் ஒன்றைப் பொருத்துவதுதான். பொருத்தியபின் ஃபிரிட்ஜின் பின்பக்கக் குழாயைக் கழற்றி வாளியில் விட்டு ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். ஒரு லிட்டரைத் தாராளமாகத் தாண்ட வேண்டும். பம்ப் வைக்கும் வரை சோதனைப் பொத்தானையும் ரீசெட்டையும் மாற்றி மாற்றி அழுத்துவதில் பயன் இல்லை.

இதே அறிகுறிக்கு இன்னும் இரண்டு சிறு காரணங்கள் உண்டு. ஃபிரிட்ஜ் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தட்டின் ஒரு கோடியில் பெரிய கட்டியும் மறுகோடியில் சிறியதுமாக விழும். மட்டம் பார்த்துக் கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். பின்னால் தள்ளும்போது டியூப் மடங்கி நசுங்கியிருக்கலாம், ஃபிரிட்ஜை முன்னால் இழுத்துப் பாருங்கள்.

தட்டில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் உறையவில்லை. அல்லது உறைந்தும் விழவில்லை

உறையவில்லை என்றால் ஃப்ரீசரின் குளிரைச் சோதிக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். மைனஸ் 12-க்கு மேல் போய்விட்டால் ஐஸ் சுற்று மிகவும் மந்தமாகிவிடும். வெப்பமானியை உறைந்த இரண்டு பொட்டலங்களுக்கு இடையில் சொருகி, ஓர் இரவு விட்டு, காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள். வெப்பமானி இல்லையென்றால் ஐஸ்கிரீம் சொல்லும்: கரண்டி எளிதாக இறங்கினால் குளிர் போதவில்லை. மே மாதத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், கதவை அடிக்கடி திறந்து மூடும் வீட்டில், நான்கைந்து முறை மின்வெட்டும் சேர்ந்தால், எந்தப் பழுதும் இல்லாமலே இது நடக்கும். புதிதாக ஆன் செய்த ஃபிரிட்ஜ் முதல் கட்டியைப் போட 24 மணி நேரம்வரை ஆகலாம்.

ஃப்ரீசரின் பின்சுவரில் வெண்பனி பூத்து மொத்தையாகி, விசிறி ஓசையும் மங்கியிருந்தால், தானாகப் பனி உருக்கும் அமைப்பில் குறை இருக்கிறது. இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. உள்ளே இருப்பதை எல்லாம் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து வைத்து 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மறுபடி ஓட்டியதும் ஒரு வாரம், பத்து நாள் நன்றாக ஓடிவிட்டு அதே இடத்துக்கு வந்தால் ஹீட்டரோ அதன் சென்சாரோ ஃபியூஸோ போயிருக்கிறது. முதலில் கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிமானம் தெரிய வேண்டும்.

கட்டி முழுதாக உறைந்து, தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால், பல நேரங்களில் சுண்ணாம்புப் படிவுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். தட்டைக் கழற்றி எலுமிச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். முறுக்கும் தட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் தட்டை மட்டும் மாற்றலாம். சோதனைப் பொத்தானை அழுத்தியும் மோட்டார் அசையவே இல்லை என்றால், இப்போதுதான் யூனிட்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கு முன் ஒயர்ச் சாக்கெட்டை ஒருமுறை கழற்றி, ஈரம் துடைத்து, அழுத்திப் பொருத்திப் பாருங்கள். சில அமெரிக்க அச்சு வகைகளில் முன்மூடிக்குப் பின்னால் எழுத்திட்ட சோதனைத் துளைகள் இருக்கும். அவற்றில் வீட்டு மின்சாரம் அப்படியே ஓடுகிறது, பழக்கமில்லாதவர்கள் ஒயரால் இணைத்துப் பார்க்க வேண்டாம்.

தண்ணீர் வழிந்து, கட்டிகள் எல்லாம் ஒரே பாறையாக உறைகின்றன

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிரப்புக் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் காத்திருங்கள். மின்சாரமே இல்லாதபோதும் ஒரு சொட்டு திரண்டு விழுந்தால் வால்வு இயந்திர ரீதியாகக் கசிகிறது. மின்சாரம் கொடுத்தால் மட்டும் விழுகிறது என்றால், மூட வேண்டிய நேரத்தில் மூடச் சொல்லாத மின்பலகையின் மீது சந்தேகம் கொள்ளலாம். இந்த ஒரு சோதனை, தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுப்பதைத் தடுக்கும்.

வால்வு கசிவதாகத் தெரிந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டாம். இந்த வால்வுகள் மூடிக்கொள்வதற்குத் தண்ணீரின் அழுத்தத்தையே துணையாகக் கொள்கின்றன. அழுத்தம் குறைந்தால் உள்ளே உள்ள ரப்பர்த் தகடு தன் இருக்கையில் இறுக்கமாக உட்காராது. புது வால்வு போட்டாலும் அதே கசிவு, அதே நிரப்புக் குழாய் அடைப்பு. அக்கா வீட்டில் நடந்தது இதுதான். பம்ப் வைத்தபின் அதே பழைய வால்வு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டி இருக்கிறது, கதவின் வழியே வரவில்லை

குழந்தைப் பூட்டு விளக்கைப் பாருங்கள். மோட்டார் உறுமியும் கட்டி வரவில்லை என்றால் பெட்டிக்குள் கட்டிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கொட்டிவிட்டு, கழுவித் துடைத்து, உலர்த்தி வையுங்கள். அதிகம் பயன்படுத்தாத வீட்டில் வாரம் ஒருமுறை பழைய ஐஸைக் கொட்டிவிடுவது நல்லது. அமைதியாகவே இருந்தால் கதவு ஸ்விட்சும், கட்டிகளை வெளியே தள்ளும் சுருள்கம்பியின் மோட்டாரும் அடுத்த சந்தேகங்கள்.

கட்டியில் வாடை, வெள்ளைத் துகள்

கருவாடு, பூண்டு விழுது, மீன் குழம்பு ஆகியவற்றின் வாடையைத் திறந்து கிடக்கும் ஐஸ் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். மூடிய டப்பாக்களில் வையுங்கள், பெட்டியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள். உருகும்போது தம்ளரின் அடியில் தங்கும் வெள்ளைத் துகள் தண்ணீரில் கரைந்திருந்த உப்புகள் உறையும்போது நடுவுக்குத் தள்ளப்பட்டு ஒன்று சேர்ந்தவை, தீங்கில்லை.

மெக்கானிக்கை அழைப்பதென்றால்

ஃப்ரீசரின் வெப்பநிலை, ஒரு நிமிடத்தில் வாளியில் சேர்ந்த தண்ணீரின் அளவு, ரீங்காரம் கேட்டதா இல்லையா, மின்சாரம் இல்லாமல் சொட்டியதா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்து, ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். அவர் சரியான பாகத்தை எடுத்துக்கொண்டு வருவார். பழுது நீங்கியபின் விழும் முதல் மூன்று சுற்றுக் கட்டிகளைக் கொட்டிவிட்டு, நான்காவது சுற்றிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.